எடை மெஷினும் ஊக்கமருந்தும்: பாக்ஸிங்ல நாம எதைச் சந்தேகப்படறோம்?

பாக்ஸிங் ஃபாலோ பண்றவங்க கண்ணுல அடிக்கடி படுற ஒரு படம் இருக்கு. இடது பக்கம் ஒரு ஒல்லிப் பையன். வலது பக்கம் அதே ஆள், பத்துப் பதினைஞ்சு வருஷம் கழிச்சு, தோள் ரெண்டும் உருண்டு திரண்டு. கீழே ஒரே கேள்வி: "இது சும்மா வந்த உடம்பா?"

அந்தப் படத்துல அதிகமா மாட்டினவர் ஃபிலிப்பைன்ஸோட மேனி பாக்கியாவ். 1995ல, 16 வயசுல, சுமார் 48 கிலோ எடையில தொழில்முறை பாக்ஸிங்குக்கு வந்தார். 1998ல 112 பவுண்டு, அதாவது 50.8 கிலோ பிரிவுல உலக சாம்பியன். 2010ல 154 பவுண்டு, அதாவது 69.9 கிலோ பிரிவுல சாம்பியன். மொத்தம் எட்டு எடைப் பிரிவுகள்ல பட்டம்.

48ல இருந்து 70. பார்த்ததும் சந்தேகம் வர்றது இயல்புதான். ஆனா எடையை வச்சு ஊக்கமருந்தைக் கண்டுபிடிக்கப் பாக்கறது பெரும்பாலும் தப்பான இடத்துல தேடுற வேலை. எடை மெஷின் காட்டுற நம்பர் பல நேரம் நிஜ எடையே இல்லை. இன்னொரு பக்கம், மருந்து எடுத்ததா ஒப்புக்கிட்டவங்க கூட அந்த மெஷின்ல ஒரு மாற்றமும் காட்டாம போயிருக்காங்க. ரெண்டையும் ஒண்ணொண்ணா பாப்போம்.

முதல்ல அந்த நம்பர் எப்படி வருதுன்னு பாத்துடலாம். தொழில்முறை பாக்ஸிங்ல பொதுவா மேட்சுக்கு முந்தின நாளே எடை பாத்துடுவாங்க. அதுக்கு முந்தின ஒரு வாரத்துல வீரர் செய்யறது கொழுப்பைக் குறைக்கிற வேலை இல்லை, தண்ணியை வெளியேத்துற வேலை. சோறு, ரொட்டி மாதிரி மாவுச்சத்தைக் குறைச்சா தசையிலயும் கல்லீரல்லயும் சேமிப்பா இருக்கிற கிளைக்கோஜன் காலியாகும். ஒரு கிராம் கிளைக்கோஜன் கிட்டத்தட்ட மூணு கிராம் தண்ணியைப் பிடிச்சு வச்சிருக்கும், அதுவும் சேர்ந்து போகும். அப்புறம் உப்பைக் குறைப்பாங்க. கடைசி ஒரு நாள் குடிக்கிற தண்ணியையே நிறுத்திட்டு சானா, வெந்நீர்த் தொட்டி, வேர்வை சூட். மெஷின்ல ஏறி நம்பர் வந்த அடுத்த நிமிஷம் பாட்டிலைத் திறந்துடுவாங்க. மறுநாள் ராத்திரி ரிங்குக்குள்ள வர்ற ஆள், மெஷின்ல நின்ன ஆளை விட ஆறேழு கிலோ கூட இருக்க முடியும்.

நமக்கு இந்த வேதனை புதுசில்லை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்ல வினேஷ் போகாட் 50 கிலோ மல்யுத்தத்துல முதல் நாள் எடையில பாஸ், மறுநாள் காலைல 100 கிராம் அதிகம்னு தகுதி நீக்கம். ராத்திரி முழுக்க வேர்க்க வச்சு, முடியைக் கூட வெட்டிப் பாத்தாங்க. அந்த விதி கொடுமையானதுதான், ஆனா அதுல ரெண்டு நாளும் மெஷின் ஏறணும். தொழில்முறை பாக்ஸிங்ல பெரும்பாலும் ஒரே தடவைதான். நான் சாஃப்ட்வேர்காரன், எனக்கு இது எப்படித் தோணுதுன்னா, எல்லாருக்கும் முன்கூட்டியே தெரிஞ்ச ஒரு நேரத்துல மட்டும் சர்வரை செக் பண்ணிட்டு "எல்லாம் ஓகே"ன்னு ரிப்போர்ட் எழுதற மாதிரி.

இதோட விலை என்னன்னு தெரியணும்னா 2000 பிப்ரவரிக்குப் போகணும். நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன். ஆர்ட்டூரோ கட்டி, ஜோயி கமாஷ். ஒப்பந்த எடை 141 பவுண்டு. மேட்ச் அன்னிக்கு ராத்திரி எச்பிஓ சேனல் எடை பாத்தப்போ கமாஷ் 145, கட்டி 160. பதினைஞ்சு பவுண்டு, கிட்டத்தட்ட 7 கிலோ வித்தியாசம். ரெண்டாவது ரவுண்டுல கமாஷ் நாக் அவுட். மூளைக் காயம், அதுக்கப்புறம் அவர் பாக்ஸிங் ஆடவே இல்லை. நியூயார்க் கமிஷன் மேல வழக்கு போட்டார். எடை பாத்ததுல கமிஷன் அலட்சியமா இருந்ததுன்னு 2010ல நீதிபதியே சொன்னார். ஆனா காயத்துக்கு அதுதான் காரணம்னு நிரூபிக்கப்படலைன்னு இழப்பீடு கிடையாதுன்னும் சொல்லிட்டார்.

இந்தக் கதைல மருந்துங்கிற பேச்சே கிடையாது. வெறும் தண்ணி.

இப்போ மறுபடி பாக்கியாவ் கிட்ட வருவோம். 2010 நவம்பர்ல அந்த 154 பவுண்டு பட்டத்துக்காக அவர் மோதினது அன்டோனியோ மார்கரிட்டோ கூட. ஒப்பந்தத்துல 150னு பேசி வச்சிருந்தாங்க. மெஷின்ல பாக்கியாவ் 144.6, மார்கரிட்டோ 150. மேட்ச் ராத்திரியில பாக்கியாவ் 148, மார்கரிட்டோ 165. அதாவது "எப்படி இவ்வளவு பெருசானான்"னு நாம சந்தேகப்பட்ட ஆள்தான் அன்னிக்கு ரிங்ல 17 பவுண்டு சின்னவர். அவர் மேல் பிரிவுகளுக்குப் போனப்போ எடையைப் பிழிஞ்சு குறைக்கிறதை நிறுத்திட்டார்ங்கிறது இந்த வளர்ச்சியில பெரிய பங்கு. 16 வயசுப் பையன் வளர்ந்தான்ங்கிறது இன்னொரு பங்கு. இதனால அவர் சுத்தம்னு நிரூபணம் ஆயிடாது. ஆனா எடை ஏறினது மட்டுமே சாட்சின்னா அந்தக் கேஸ் நிக்காது. அவர் எந்த ஊக்கமருந்து டெஸ்ட்லயும் மாட்டினதில்லை. ஃப்ளாய்ட் மேவெதர் தரப்பு கிளப்பின பேச்சுக்காக 2009 டிசம்பர்ல அவதூறு வழக்கு போட்டார், 2012ல அது சமரசத்துல முடிஞ்சது.

சரி, மெஷின்ல தெரியாத பக்கத்துக்குப் போவோம். 2003 செப்டம்பர், லாஸ் வேகஸ், 154 பவுண்டு. ஷேன் மோஸ்லி, ஆஸ்கர் டி லா ஹோயாவைப் புள்ளிகள்ல ஜெயிக்கிறார். மூணு நடுவர்களும் 115-113. மேட்ச்சுக்கு அப்புறம் எடுத்த டெஸ்ட்ல எதுவும் இல்லை. சில மாசம் கழிச்சு பால்கோ ஊழல் விசாரணையில, அந்த மேட்ச்சுக்கு முன்னாடி டிஎச்ஜி ஸ்டீராய்டும் ஈபிஓவும் எடுத்ததா மோஸ்லியே சாட்சி சொல்றார். அது என்னன்னு தெரியாம எடுத்தேன்ங்கிறது அவர் விளக்கம்.

ஈபிஓ சிறுநீரகத்துல இயல்பாவே சுரக்கிற ஹார்மோன். எலும்பு மஜ்ஜையை இன்னும் அதிகமா சிவப்பணு உண்டாக்கச் சொல்லும். ரத்தம் கூடுதல் ஆக்ஸிஜன் சுமக்கும். ஒன்பதாவது, பத்தாவது ரவுண்டுல எதிராளிக்குக் கை தாழ ஆரம்பிக்கும்போது உங்களுக்கு மூச்சு மிச்சம் இருக்கும். உடம்பு உருண்டு திரளாது, எடை மெஷின் அசையாது, படம் போட்டு ஒப்பிட ஒண்ணும் கிடைக்காது. ஸ்டீராய்டு கூட பாக்ஸருக்கு முக்கியமா தர்றது பெரிய தசை இல்லை, வேகமா தேறுறதுதான். ரெண்டு மூணு மாச கேம்ப்ல நேத்து வாங்கின அடியோட இன்னிக்கு மறுபடி முழு வேகத்துல ஸ்பாரிங் பண்ண முடியறது. அந்த லாபம் கேம்ப்லயே கிடைச்சுடுது. மேட்ச் ராத்திரியில மட்டும் சிறுநீர் எடுத்தா எதைப் பிடிக்கப் போறீங்க?

இதுக்கு ஒரு நேர்மாறான உதாரணம், எனக்கு ரொம்பப் பிடிச்சது. ஹுவான் மானுவல் மார்க்கஸ், 2009ல மேவெதர் கூட மோதினப்போ மெஷின்ல 142 பவுண்டு, பாக்கவே தொளதொளன்னு இருந்தார். 2012 டிசம்பர்ல பாக்கியாவை ஆறாவது ரவுண்டுல முகம் குப்புற விழ வச்ச அன்னிக்கு 143. ஒரே ஒரு பவுண்டு வித்தியாசம், ஆனா கல்லுல செதுக்கின மாதிரி உடம்பு, அதுவும் 39 வயசுல. அப்போ அவரோட பயிற்சியாளர்கள்ல ஒருத்தர், ஏஞ்சல் எரேடியா, ஓட்டப்பந்தய வீரர்களுக்கு முன்னாடி ஊக்கமருந்து சப்ளை பண்ணதா அமெரிக்க கோர்ட்டுல சாட்சி சொன்னவர். சந்தேகம் கொழுந்துவிட்டு எரிஞ்சது. மார்க்கஸ் மறுத்தார், எந்த டெஸ்ட்லயும் மாட்டலை. கேம்ப் முழுக்க முன்னறிவிப்பு இல்லாம ரத்தமும் சிறுநீரும் எடுத்திருந்தா இன்னிக்கு ரெண்டுல ஒரு பதில் இருந்திருக்கும். மார்க்கஸ் சுத்தம்னா, அதைக் காட்ட அவருக்கும் ஒரு காகிதம் இருந்திருக்கும்.

அந்த மாதிரி டெஸ்ட் பண்ற அமைப்பு 2011லயே வந்துடுச்சு. நெவாடாவுல ரிங்சைடு டாக்டரா இருந்த மார்கரெட் குட்மன் தொடங்கினது. ஒரு சிக்கல், அதோட சுருக்கப் பேரையும் உலக ஊக்கமருந்து தடுப்பு அமைப்போட சுருக்கப் பேரையும் தமிழ்ல எழுதினா ரெண்டுமே "வாடா". நண்பனைக் கூப்பிடற மாதிரி இருக்கும். அதனால இதை "வாலண்டரி அமைப்பு"ன்னு சொல்றேன். பேருலயே விஷயம் இருக்கு. ஒத்துக்கிட்டவங்களுக்குத்தான் டெஸ்ட், எத்தனை வாரம்ங்கிறதும் ஒப்பந்தத்தைப் பொறுத்தது.

எடையும் மருந்தும் நிஜமாவே சந்திக்கிற இடம் ஒண்ணு இருக்கு. ஃப்யூரோசமைட் மாதிரி சிறுநீரைக் கூட்டுற மாத்திரைகள். எடையும் குறையும், சிறுநீர் நீர்த்துப் போறதால வேற மருந்தோட தடயமும் மங்கும். ரெண்டு காரணத்துக்காகவும் தடை. எடை பாத்த பிறகு நரம்பு வழியா சலைன் ஏத்தறதும் இதே வகைதான். 2015 மே 1, பாக்கியாவ் மேட்ச்சுக்கு முந்தின நாள், மேவெதர் 750 மில்லி சலைனும் வைட்டமினும் ஏத்திக்கிட்டார். அன்னிய விதிப்படி மருத்துவ விலக்கு இல்லாம ஆறு மணி நேரத்துக்கு 50 மில்லிதான். அமெரிக்க ஊக்கமருந்து தடுப்பு அமைப்பு அந்த விலக்கைக் கொடுத்தது, மேட்ச் முடிஞ்சு கிட்டத்தட்ட மூணு வாரம் கழிச்சு. அவரும் எந்த டெஸ்ட்லயும் மாட்டலை. ஆனா "ஒலிம்பிக் தர டெஸ்ட் வேணும்"னு வருஷக்கணக்கா பாக்கியாவை நெருக்கினது அவர்தான்ங்கிறதைச் சொல்லாம நகர முடியல.

கடைசியா ரயன் கார்சியா. எல்லாம் ஒரே வாரத்துல. 2024 ஏப்ரல் 19, நியூயார்க். எல்லை 140 பவுண்டு. கார்சியா 143.2 காட்டினார், மேடையிலயே பியர் பாட்டிலைத் தூக்கிக் குடிச்சார். டெவின் ஹேனி எல்லைக்குள்ள வந்தார். பணம் பேசி மேட்ச் நடந்தது. மறுநாள் கார்சியா மூணு தடவை ஹேனியைக் கீழே விழ வச்சு புள்ளிகள்ல ஜெயிச்சார். பதினோரு நாள் கழிச்சுத்தான் செய்தி வந்தது: 19, 20 ரெண்டு தேதி சாம்பிள்லயும் ஆஸ்டரின். ஸ்டீராய்டு உட்கார்ற அதே ஏற்பியில உட்கார்ந்து தசையையும் எலும்பையும் குறிவைக்கிற பொருள் அது. கார்சியா தெரிஞ்சு எடுக்கலைன்னார், சப்ளிமென்ட்ல கலப்படம்னு அவர் தரப்பு சொன்னது. கமிஷன் ஒரு வருஷத் தடை, 11 லட்சம் டாலர் சம்பளம் திருப்பித் தரணும், 10,000 டாலர் அபராதம்னு முடிச்சு, ரிசல்ட்டை ரத்து பண்ணது.

கலப்படம்ங்கிறதை எடுத்தவுடனே சிரிச்சுத் தள்ள முடியாது. 2011ல மெக்சிகோவுல நடந்த 17 வயசுக்கு உட்பட்டோர் ஃபுட்பால் உலகக் கோப்பையில 208 சாம்பிள்ல 109ல க்ளென்பியூட்டரால் இருந்தது, காரணம் மாட்டிறைச்சி. அதே மருந்துக்கு 2018ல கனேலோ அல்வாரஸும் அதே இறைச்சியைத்தான் காட்டினார், ஆறு மாசத் தடை. பழைய பெரிய டோஸோட வால் பகுதியும் இன்னிக்கு வந்த கலப்படமும் லேப் ரிப்போர்ட்ல ஒரே மாதிரிச் சின்ன நம்பராத் தெரியும். ஆகவே கார்சியா மனசுல என்ன இருந்ததுன்னு நான் தீர்ப்பு சொல்லப் போறதில்லை.

ஆனா என் கோபம் அந்த 3.2 பவுண்டு மேல. ஆஸ்டரினுக்கு லேப், பி சாம்பிள், வக்கீல், வாதம் எல்லாம் தேவைப்பட்டுச்சு. எடைக்கு எதுவுமே தேவைப்படலை, கேமரா முன்னாடி நம்பர் வந்தது. ஒருத்தர் கடைசி மூணு பவுண்டுக்காக உடம்பை வறட்டி எடுத்திருக்கார், இன்னொருத்தர் அந்த வேதனையை விட்டுட்டார், ரெண்டு பேரும் மறுநாள் ஒருத்தர் தலையை இன்னொருத்தர் குத்தணும். அந்த இடத்துலயே மேட்ச் நின்னிருக்கணும்ங்கிறது என் கருத்து. 2000ல கமாஷுக்கு நடந்ததும் அதே மாநிலத்துலதான், அதே கமிஷன்தான்.

2025 மே 2ஆம் தேதி நியூயார்க் டைம்ஸ் ஸ்கொயர்ல ரெண்டு பேரும் ஒரே ராத்திரி, தனித்தனி எதிராளிகளோட ரிங்குக்குத் திரும்பினாங்க. கார்சியா, ரோலி ரொமேரோகிட்ட தோத்தார். ஹேனி, ஹோசே ராமிரஸை ஜெயிச்சார், ஏட்டுல அவர் இன்னும் தோல்வியே இல்லாதவர். ஆனா அந்த மேட்ச்சைப் பாருங்க: பன்னிரண்டு ரவுண்டும் நகர்ந்துக்கிட்டே, ரொம்பக் கொஞ்சமா குத்து விட்டு, யாரும் தன்னைத் தொட்டுடக் கூடாதுன்னு ஆடினார்.

அடுத்த எபிசோட்ல அந்த ரத்து பண்ண ரிசல்ட்டுக்கு அப்புறம் ஹேனி போட்ட வழக்கைப் பத்திப் பேசலாம். கேள்விகள் இருந்தா அனுப்புங்க.