குடவோலையும் வாக்குச்சீட்டும்

பெரம்பலூர் மாவட்டத்தில், பச்சைமலையின் அடிவாரத்தில் அமைந்த பேரூர் அரும்பாவூர். கோயில் தேர்களுக்கும் வாகனங்களுக்கும் உரிய மரச்சிற்பங்களைச் செதுக்குவோர் பலர் இவ்வூரில் வாழ்கின்றனர். அவர்தம் கைத்திறனுக்கு 2020-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் கிடைத்தது. உளி பிடிக்கும் அக்கை, வாக்குச்சாவடியில் மையிடுவதற்கும் நீள்கின்றது. மக்களவைக்கு ஒருமுறை, சட்டமன்றத்திற்கு ஒருமுறை, பேரூராட்சிக்கு ஒருமுறை. மூன்றும் வாக்கே எனினும், மூன்றன் பயனும் ஒன்றன்று. வாக்கு எம்முறையில் எண்ணப்படுகின்றது? எண்ணிய பின்னர் அதிகாரம் எங்கே சென்று தங்குகின்றது? அம்முறையை வகுப்பவர் யாவர்? இவை தனித்தனி வினாக்கள் போலத் தோன்றினும், ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பவை.

தமிழ்நாட்டில் இவ்வினாக்கள் புதியன அல்ல. உத்தரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரில், முதற் பராந்தக சோழனின் பன்னிரண்டாம், பதினான்காம் ஆட்சியாண்டுகளில், அஃதாவது கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டப்பெற்ற கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பெற்றிருந்தது. குடும்புதோறும் தகுதியுடையார் பெயர்களை ஓலைநறுக்குகளில் எழுதிக் கட்டாகக் கட்டிக் குடத்தில் இடுவர். இளையோரும் முதியோருமாகச் சபையார் அனைவரும் கூடியிருக்க, நம்பிமாருள் மூத்தவர் குடத்தை யாவரும் காண உயர்த்திக் காட்டுவார். உள்ளிருப்பது இன்னதென்று அறியாத சிறுவன் ஒருவன் ஒரு கட்டை எடுப்பான். அதனை வேறொரு குடத்திலிட்டுக் குலுக்கிய பின், ஓர் ஓலையை எடுத்து மத்தியஸ்தன் கையில் தருவான். மத்தியஸ்தன் ஐந்து விரலும் அகல விரித்த உள்ளங்கையில் அதனை ஏற்றல் வேண்டும். விரலிடையில் வேறோர் ஓலை ஒளிந்திருத்தல் கூடாது என்பதே கருத்துப்போலும்! அவன் படித்த பெயரை அங்கிருந்த நம்பிமார் அனைவரும் படிப்பர். இவ்வாறு தேர்ந்த முப்பதின்மருள் பன்னிருவர் சம்வத்சர வாரியத்திலும், பன்னிருவர் தோட்ட வாரியத்திலும், அறுவர் ஏரி வாரியத்திலும் 360 நாள் பணியாற்றுவர்.

ஓலை எடுக்கும் விதத்தினும், யார் பெயரை ஓலையில் எழுதலாகாது என்று அச்சபையார் விதித்தவை நுட்பமானவை. முந்திய மூன்றாண்டுகளுள் வாரியத்தில் இருந்தவர் பெயர் குடத்திற் புகாது. வாரியஞ்செய்து கணக்குக் காட்டாதவர் பெயரும் புகாது. அவர் தந்தை, மகன், உடன்பிறந்தார், மாமனார், மருமகன், மைத்துனன், சிற்றன்னை பேரன்னையர் மக்கள், அத்தை மக்கள் என உறவு முறையை நீள அடுக்கி, அவர் அனைவரையும் விலக்கிவிட்டது கல்வெட்டு. கணக்கை மறைத்தவன் தான் விலகித் தன் மருமகனை அமர்த்துதல் எக்காலத்தும் உள்ள வழக்கம் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். ஊரதிகாரம் ஒரு வீட்டில் உறைந்துவிடாதிருத்தலே அவ்விதிகளின் நோக்கம்.

ஆயினும் இதனை மக்களாட்சி என்று மிகைபடப் புகழ்தல் உண்மைக்குப் பொருந்தாது. அது பிராமணர்க்கு அளிக்கப்பெற்ற ஊர். கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலமும், சொந்த மனையில் வீடும், வேதக் கல்வியும் உடைய, முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குட்பட்ட ஆடவர்க்கே அவ்வுரிமை இருந்தது. பெண்டிர்க்கும், அந்நிலத்தை உழுதவர்க்கும் குடத்தில் இடமில்லை. தீர்மானம் நிறைவேறியபோது அரசனாணையின்படி அதிகாரி ஒருவரும் உடனமர்ந்திருந்தார். பின்னாளில் இராசேந்திரன் இன்றைய அரியலூர் மாவட்டத்துக் கங்கைகொண்ட சோழபுரத்தைத் தலைநகராக்கிப் பேரரசு நடத்தினான். அத்துணைப் பெரிய அரசிலும் சிற்றூர் ஏரியின் கரையைப் பேணுதல் ஊரார் பொறுப்பாகவே இருந்தது. மேலே கோல் வலிதாயினும், கீழே ஊரார்க்கெனச் செய்யத்தக்க பணி ஒன்று இருந்தது என்பதே இங்குக் கருதத்தக்கது.

இனி, இக்கால முறைக்கு வருவோம். மக்களவைக்கும் சட்டமன்றத்திற்கும் தொகுதிக்கு ஒருவராக, மிகுதியான வாக்குப் பெற்றவர் வெல்கின்றார். நூறு வாக்குகளை மூவர் நாற்பது, முப்பத்தைந்து, இருபத்தைந்து எனப் பெற்றால், நாற்பது பெற்றவர்க்கே இடம். எஞ்சிய அறுபதும் சட்டமன்ற வாயிலை எட்டுவதில்லை. மற்றொன்று விகிதமுறை. அதில் கட்சிகள் பெற்ற வாக்கிற்கேற்ப இடங்கள் பகுக்கப்படும். முன்னதில் தொகுதிக்கு உரியவர் இன்னாரென விளங்கும். குறைகூற ஒரு வாயில் உண்டு. பின்னதில் வாக்கு வீணாதல் குறையும். ஆனால் நம் ஊர்க்குப் பொறுப்பாளர் யார் என்பது மங்கும்.

எண்ணும் முறை அதிகாரத்தை எவ்வளவு திரட்டித் தரவல்லது என்பதற்கு அண்டை நாடாகிய இலங்கையே சான்று. 1977-ஆம் ஆண்டு சூலைத் தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சி பெற்ற வாக்கு நூற்றுக்கு ஏறத்தாழ 51. பெற்ற இடமோ 168-இல் 140. நூற்றுக்கு முப்பதளவு வாக்குப் பெற்ற சுதந்திரக் கட்சிக்குக் கிடைத்தவை எட்டே இடங்கள். வடக்கிலும் கிழக்கிலும் வாக்குத் திரண்டிருந்தமையால், நூற்றுக்கு ஏழினும் குறைவாகப் பெற்ற தமிழர் விடுதலைக் கூட்டணி 18 இடங்களை எய்தி எதிர்க்கட்சியாயிற்று. பாதியளவு வாக்கு, ஆறில் ஐந்து பங்கு இடமாக விரிந்தது. அவ்வலிமை கொண்டு அரசமைப்பே மாற்றப்பட்டது. தலைமையமைச்சராயிருந்த செயவர்த்தனா 1978 பிப்பிரவரியில் நிறைவேற்று அதிகாரமுடைய குடியரசுத் தலைவரானார். அவ்வாண்டுப் புதிய அரசமைப்பு விகிதமுறையையும் கொண்டுவந்தது. முறை நேரியதே, ஆனால் அம்முறையில் நாடாளுமன்றத் தேர்தல் 1989 வரை நடைபெறவில்லை. 1982 திசம்பரில் பொது வாக்கெடுப்பின் வாயிலாகப் பழைய நாடாளுமன்றத்தின் காலமே ஆறாண்டு நீட்டிக்கப்பட்டது. 1983-இல் கொணரப்பட்ட உறுதிமொழியை ஏற்க மறுத்த தமிழர் விடுதலைக் கூட்டணியினர் தம் இடங்களை இழந்தனர். நல்ல முறை சட்டப் புத்தகத்தில் இருந்தது. அது நடைமுறைக்கு வரும் நாளைக் குறிக்கும் கோல் ஆண்டவர் கையில் இருந்தது.

இந்தியாவில் ஊராட்சிகளைப் பற்றிய 73-ஆவது திருத்தமும், நகராட்சிகளைப் பற்றிய 74-ஆவது திருத்தமும் 1993-இல் நடைமுறைக்கு வந்தன. அரும்பாவூர் பேரூராட்சியாதலின் இரண்டாவதற்கு உட்பட்டது. பதினெட்டு வயது நிரம்பிய யாவர்க்கும் வாக்குண்டு. தமிழ்நாட்டில் இடங்களிற் பாதி மகளிர்க்கு ஒதுக்கப்பட்டுள்ளது. உத்தரமேரூர்க் குடம் விலக்கியவரெல்லாம் இன்று உள்ளே வந்துவிட்டனர். இது சிறிய மாற்றமன்று.

எனினும் அத்திருத்தங்களின் சொற்களை ஊன்றி நோக்குதல் நலம். உள்ளாட்சியின் காலம் முடியுமுன் தேர்தல் நடத்தப்பெறல் *வேண்டும்* என்கின்றது சட்டம். அதிகாரங்களைப் பற்றிக் கூறுமிடத்தோ, மாநிலச் சட்டமன்றம் அவற்றை வழங்க*லாம்* என்கின்றது. வியங்கோளும் விதியும் கற்ற மாணவர்க்கு இவ்விரு சொற்களின் இடைவெளி விளங்காமற் போகாது. குடிநீர், தெருவிளக்கு, துப்புரவு முதலியவற்றில் எவற்றைப் பேரூராட்சி தானே முடிவு செய்யும், எதற்கு மேலிடத்தின் ஒப்புதலை நாடும் என்பதை அந்த 'லாம்' தீர்மானிக்கின்றது.

'வேண்டும்' என்பதும் எப்பொழுதும் நிறைவேறிற்றில்லை. தமிழ்நாட்டு உள்ளாட்சிகளின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. ஒதுக்கீடு, வார்டு மறுவரையறை ஆகியன பற்றிய வழக்குகளால் தேர்தல் தள்ளிக்கொண்டே போயிற்று. பெரம்பலூர் மாவட்டச் சிற்றூர்கள் 2019 திசம்பரில் வாக்களித்தன. அரும்பாவூர் போன்ற பேரூர்கள் 2022 பிப்பிரவரி 19 வரை காத்திருந்தன. இடைப்பட்ட ஐந்தாண்டுக்கு மேற்பட்ட காலம், மக்கள் தேர்ந்த மன்றம் இன்றி, அரசு அமர்த்திய தனி அலுவலரே பேரூராட்சியை நடத்தினர். தெருக்குழாய் வறண்டால் முறையிடுவதற்கு வார்டு உறுப்பினர் இல்லை.

பேரூராட்சித் தலைவரைத் தேரும் முறையும் நிலையாக நின்றதில்லை. 2011-இல் வாக்காளரே தலைவரை நேரே தேர்ந்தனர். 2022-இல் வாக்காளர் வார்டு உறுப்பினரை மட்டும் தேர, அவ்வுறுப்பினர் மார்ச்சு 4-ஆம் நாள் கூடித் தம்முள் ஒருவரைத் தலைவராக்கினர். நேர்முறையில் தலைவர்க்கு ஊரார் பேராதரவு உண்டு; மன்றத்தாரோடு பிணங்கினால் பணி தடைப்படும். மறைமுறையில் மன்றமும் தலைவரும் இசைந்து செல்வர். ஆயின் பத்துப் பதினைந்து பேரை வயப்படுத்தல், ஊர் முழுவதையும் வயப்படுத்தலினும் எளிது. இரண்டிற்கும் குறையும் நிறையும் உள. இவ்விரண்டனுள் எது தக்கது என்று அரும்பாவூர் வாக்காளரை யாரும் வினவியதில்லை. இருமுறையும் அம்முடிவு சென்னையிலேயே செய்யப்பட்டது. அரசனதிகாரி அருகிருப்பினும், குடத்தில் எவர் பெயர் புகும் என்பதை உத்தரமேரூர்ச் சபையார் தம் ஊரிற் கூடியே எழுதினர்.