ஆறடிக்கு இத்தனை வழக்கா!

எங்கள் திருமழிசையில் எந்தப் பக்கம் திரும்பினாலும் தரை தட்டைதான். சர்வே இலாகாவின் டோபோ ஷீட்டில் நம்ம ஏரியாவில் பழுப்புக் கோட்டைத் தேடித்தான் பிடிக்கணும். பெரியாறு ஓடுகிற ஷீட்டைப் பிரித்தால்... அடேயப்பா, கட்டைவிரல் ரேகை மாதிரி கோட்டுக்கு மேல் கோடு!

ஒரே உயரத்தில் உள்ள இடங்களைச் சேர்த்து இழுத்த கோடுகள் அவை. பொதுவாகக் கோட்டுக்குக் கோடு 20 மீட்டர் உயர வித்தியாசம். நெருக்கியடித்தால் செங்குத்து, விலகி நின்றால் சமதரை. ‘வி’ மாதிரி வளைந்து நடுவில் நீலம் ஓடினால் ஆற்றுப் பள்ளத்தாக்கு. கூர்முனை, ஆறு இறங்கி வருகிற மேட்டைக் காட்டும். பி.காம். படித்த எனக்கே புரிகிறதே, பேலன்ஸ் ஷீட்டைவிட இது சுலபம் சார்!

பெரியாறு சிவகிரி மலையில் பிறந்து, வடக்கே ஓடி, மேற்கே திரும்பி அரபிக் கடலுக்குப் போகிறது. அதன் கிழக்கே ஒரு மலைமுகடு. முகட்டுக்கு அந்தப் பக்கம் கோடுகள் சரசரவென்று இறங்கி, கம்பம் பள்ளத்தாக்கில் போய் நிற்கின்றன. ஆறு மேலே, காய்ந்த வயல் கீழே, நடுவில் முகடு. ராமநாதபுரம் பிரதானி முத்திருளப்ப பிள்ளை 18-ஆம் நூற்றாண்டிலேயே இதைக் கண்டுகொண்டார். காரியத்தை முடித்தவர் பென்னிகுக். 1887-ல் தொடங்கிய அணை 1895-ல் முடிந்தது. முகட்டைக் குடைந்து, ஒரு மைலுக்குச் சற்றே கூடுதலாக ஒரு வழி. மேற்கே போன தண்ணீர் கிழக்கே இறங்கி வைகையோடு சேர்ந்தது. தேனி, மதுரை, ராமநாதபுரம் வரை அடுப்பெரிய அந்தத் துவாரம்தான் காரணம்!

அணைக்குப் பின்னால் தேக்கடி ஏரியைப் பாருங்கள். கை விரித்த மாதிரி இருக்கும். ஓடைப் பள்ளம் ஒவ்வொன்றிலும் தண்ணீர் ஏறியதில் வந்த விரல்கள் அவை. ஏரியின் கரையே ஒரு சமஉயரக் கோடுதான்.

இரண்டு மாநிலங்களின் சண்டையும் அந்தக் கோடு எங்கே நிற்பது என்பதுதான். அணை உடையுமோ என்ற அச்சத்தில் 1979-ல் நீர்மட்டத்தை 136 அடியாகக் குறைத்தார்கள். 2014-ல் சுப்ரீம் கோர்ட் 142 வரை தேக்கலாம் என்றது. கீழே குடியிருக்கும் கேரளத்துக்காரருக்கு உயிர் பயம், இங்கே விவசாயிக்கு வயிற்றுப் பயம். வித்தியாசம் ஆறே அடி. மேப்பில் இரண்டு கோட்டுக்கு நடுவே பத்தில் ஒரு பங்குகூடக் கிடையாது!

எங்கள் செம்பரம்பாக்கம் ஏரியின் மொத்த ஆழமே 24 அடி. அங்கே ஆறடி என்றால் கால்வாசி. மலையில் அப்படியில்லை. செங்குத்துக் கரையில் ஆறடி ஏறினாலும் தண்ணீர் பெரிதாகப் பரவாது. கோடுகள் விலகிக் கிடக்கிற அந்த விரல் நுனிகளில்தான் சத்தமில்லாமல் காட்டுக்குள் நடந்து போகும்.