பக்கவாதமும் கடிகாரமும்

வீட்டில் பாட்டியின் வாய் திடீரென ஒரு பக்கம் கோணுகிறது, கை தூக்க இயலவில்லை, பேச்சுக் குழறுகிறது. நாம் என்ன செய்கிறோம்? "படுத்து எழுந்தால் சரியாகிவிடும்" என்கிறோம். எண்ணெய் தேய்க்கிறோம், புறா இரத்தம் தடவச் சொல்வாரும் உண்டு! கோளாறு கையில் இல்லை, மூளையில் உள்ளது. மூளையின் பெரிய இரத்தக் குழாய் அடைபட்டால் நிமிடத்திற்குச் சுமார் 19 இலட்சம் நரம்பணுக்கள் மடிகின்றன.

அடைப்பைக் கரைக்கும் ஊசியை 3 மணி நேரத்திற்குள் போட்டால் பலன் உண்டு என 1995-இல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. 2008-இல் ஐரோப்பிய ஆய்வு ஒன்று அதை நாலரை மணியாக நீட்டியது. குழாய் வெடித்திருந்தால் அதே ஊசி ஆபத்து. ஆகவே முதலில் ஸ்கேன் எடுப்பர். நோய் எத்தனை மணிக்குத் தொடங்கியது என்றும் மருத்துவர் கேட்பார். அதனால் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே 108-ஐ அழைப்போம்.

பார்வை, பேச்சு, கை, கால் முதலியவற்றைச் சோதித்து 0 முதல் 42 வரை மதிப்பெண் இடுவர். நம் பரீட்சைக்கு நேர்மாறாக, இங்கே குறைந்தால்தான் மகிழ்ச்சி! குறைவாகப் பெற்றோர் பெரும்பாலும் நன்கு தேறுவர்.

அதன் பிறகும் வழி உண்டு. ஓரளவு அசையும் கையைப் பழக்க, நல்ல கைக்கு உறை மாட்டிவிடுவர். இந்த இரு வாரப் பயிற்சி ஓராண்டுக்குப் பின்னும் பயன் தந்ததை 2006-இல் வெளியான ஆய்வு கூறுகிறது. நாமோ அன்பு மிகுதியால் ஊட்டிவிடுகிறோம். பாட்டியே கரண்டி பிடிக்கட்டும்; சிந்தும் சோற்றை நாம் துடைத்துக்கொள்ளலாம்.