மலடு வேற, சினை நிற்காதது வேறங்க!

வங்கியில் 34 வருஷம் இருந்தேன். ஒரு தவணை தவறியதும் எந்தக் கடனையும் வாராக்கடன் என்று எழுதியதில்லை. மாட்டுக்கொட்டகைக்கு வந்தபிறகு அதைச் செய்தேன். மூன்று தடவை சினை ஊசி போட்டும் நிற்காத காங்கேயம் கிடாரியை, "மலடு" என்று சொல்லி, கேட்ட விலைக்குப் பக்கத்துத் தோட்டத்துக்காரருக்குக் கொடுத்துவிட்டேன். அடுத்த வருஷம் அது கன்றோடு வரப்பில் மேய்கிறது!

கால்நடை மருத்துவரிடம் புலம்பினேன். "மலடுன்னு உங்களுக்கு யார் சொன்னது?" என்றார். யாரும் சொல்லவில்லை, நானேதான்.

பிறவியிலேயே இனப்பெருக்க உறுப்பு வளராததுதான் மலடு. காளைக்கன்றோடு இரட்டையாகப் பிறக்கும் கிடாரி அப்படித்தான். நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் சினையே ஆகாது. வயிற்றுக்குள் இரண்டுக்கும் ரத்த ஓட்டம் கலந்துவிடுவதுதான் காரணம். மற்ற கிடாரிகள் பிறக்கும்போதே பல்லாயிரம் கருமுட்டைகளோடு பிறக்கின்றன. அது வளம். நாம் எண்ணுவதோ ஈற்று. அனுமதித்த கடன் வரம்பு வேறு, பட்டுவாடா ஆன தொகை வேறு இல்லையா? பட்டுவாடா ஆகவில்லை என்பதற்காக வரம்பே இல்லை என்று சொல்லிவிட்டேன்.

பருவத்துக்கே வராத மாடு இன்னொரு ரகம். மெலிவு, குடற்புழு, தாது உப்புக் குறைவு என்று பார்த்துத் தேற்றினால் பெரும்பாலும் வந்துவிடும். என் கிடாரி அதுவும் இல்லை. 21 நாளுக்கு ஒருமுறை தவறாமல் கத்தும், கண்ணாடி மாதிரி கோழை வழியும். சினை மட்டும் நிற்காது. இதற்குக் கருப்பையில் கிருமி இருக்கலாம், அல்லது ஊசி போட்ட நேரம் தப்பியிருக்கலாம்.

என் விஷயத்தில் நேரம்தான். விடியற்காலை கத்தினால் எட்டு மணிக்குள் ஊசி போடச் சொல்லி ஆளை அவசரப்படுத்துவேன். சீக்கிரம் போட்டால் நல்லது என்று நினைப்பு. பருவம் 12 முதல் 18 மணி நேரம் இருக்கும்; அது அடங்கி ஏறக்குறைய 10, 12 மணி நேரம் கழித்தே முட்டை வெளியாகும். அதனால் காலையில் கண்டால் மாலையில் ஊசி, மாலையில் கண்டால் மறுநாள் காலையில். பக்கத்துத் தோட்டத்துக்காரர் சாயங்காலம்வரை பொறுத்தார், அவ்வளவுதான்.

இப்போது ராத்திரி ஒன்பது மணிக்கும் விடியுமுன்னும் டார்ச்சோடு கொட்டகைக்குப் போகிறேன். தேதியைக் காலண்டரில் குறிக்கிறேன். போன மாதம் அந்தக் கன்றை விலைக்குக் கேட்டுப் பார்த்தேன். தாயை நான் விற்றதைவிடக் கூடுதலாகச் சொல்கிறார்.