குருவம்மாளும் ஒச்சாயிக் கிழவியும்

வருஷநாட்டு மலைகளில் உற்பத்தியாகும் வையை நதி, கம்பம் பள்ளத்தாக்கை வளப்படுத்தி வரும் முல்லையாற்றைத் தேனிக்கு அருகில் தன்னுடன் சேர்த்துக்கொண்டு, மதுரையைக் கடந்து மானாமதுரைக்குச் செல்கிறது. நதியின் மேற்பகுதியில், அல்லிநகரத்தில் டைரக்டர் பாரதிராஜாவும், பண்ணைப்புரத்தில் இசைமேதை இளையராஜாவும் தோன்றினர். அதே நதிக்கரையில், கீழ்ப்பகுதியிலுள்ள மானாமதுரையில் 1945-ஆம் ஆண்டு பிறந்தவர் ஸ்ரீமதி காந்திமதி.

நாடக மேடையில் தேர்ச்சி பெற்றுச் சினிமாவுக்கு வந்த இவ்வம்மையார், 1977-இல் ‘16 வயதினிலே’ படத்தில் அவ்விருவருடனும் ஒன்று சேர்ந்தார். அவர் ஏற்றது கதாநாயகி மயிலின் தாயார் குருவம்மாள் வேஷம். அப்படத்தின் காட்சிகள் பெரும்பாலும் மைசூர், கொள்ளேகால் பிரதேசங்களில் எடுக்கப்பட்டவை. நிலம் கன்னட நாட்டைச் சேர்ந்தது. ஆயினும் ரஸிகர்கள் அதைத் தமிழ்க் கிராமம் என்றே நம்பினார்கள். அந்த நம்பிக்கைக்குக் குருவம்மாளின் பேச்சும், கோபமும், பெண்ணைப் பெற்றவளின் கவலையும் பெரிதும் காரணம் என்பது நமது அபிப்பிராயம்.

ஆறு ஆண்டுகளுக்குப் பின், 1983-இல் வெளியான ‘மண்வாசனை’யில் ஒச்சாயிக் கிழவியாகத் தோன்றினார். அப்போது அவருக்கு வயது நாற்பதுகூட ஆகவில்லை! நடிகைகள் வயதை மறைக்க விரும்பும் தொழிலில், இல்லாத முதுமையை வலிய ஏற்றுக்கொள்ளத் துணிவு வேண்டும். வாய்க்கு வாய் பழமொழி சொல்லும் அந்தக் கிழவியைப் பார்த்த மதுரை, தேனிப் பக்கத்து ஜனங்கள், தங்கள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருக்கும் பாட்டியையே கண்டார்கள். 1989-இல் பண்ணைப்புரத்துக் கங்கை அமரன் டைரக்ட் செய்த ‘கரகாட்டக்காரன்’ படத்திலும் காந்திமதி நடித்தார்.

கிராமத்தார் பேச்சைக் கொச்சை என்று சொல்லிப் பரிகசிக்கும் வழக்கம் படித்த வர்க்கத்தாரிடம் நெடுநாளாக உண்டு. பரிகாசத்திற்கென்றே அப்பேச்சைப் படங்களில் புகுத்துவதும் உண்டு. காந்திமதியோ அப்பேச்சிலேயே அழுதார், சண்டையிட்டார், நியாயம் கேட்டார். அது சிரிப்பதற்கு மட்டும் உரிய பேச்சன்று, ஒரு குடும்பத்தின் மானத்தையும் துயரத்தையும் தாங்கவல்லது என்று காட்டினார். இதுவே அவர் தமிழுக்குச் செய்த சேவை.

2011 செப்டம்பர் 9-ஆம் தேதி சென்னையில் அவர் காலமானார். கதாநாயகிகளின் படத்தை வீட்டில் மாட்டி வைப்பவர்கள் பலர். நமது பாட்டிமார் எப்படிப் பேசினார்கள் என்று நாளை நம் குழந்தைகள் கேட்டால், அவர்களுக்கு ஒச்சாயிக் கிழவியைக் காட்டுவோமாக.