சொல்லி வைத்தால் கிடைக்குமா?

கோர்ட் வாசல் டீக்கடையில் ஜூனியர் தம்பி கேட்டான்: "அண்ணே, சர்க்கார் வக்கீல் வேலையெல்லாம் ஆள் இருந்தால்தான் கிடைக்குமாமே?"

"எந்த வேலை?"

"எல்லாமும்தான்."

குழப்பமே அங்கேதான். சர்க்கார் தரும் சட்ட வேலைகள் ஒரே ரகமல்ல. மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டில் அரசுத் தரப்பில் வழக்கு நடத்தும் ஏ.பி.பி. (உதவி அரசு வக்கீல்), சிவில் நீதிபதி ஆகிய பதவிகளுக்கு டி.என்.பி.எஸ்.சி. பரீட்சை வைக்கிறது. தாள் திருத்துகிறவருக்கு உன் மாமா யாரென்று தெரியாது. சிபாரிசு நுழையக்கூடிய இடம் நேர்முகத் தேர்வு ஒன்றுதான். அந்த இடத்தையும் 1985இல் அசோக்குமார் யாதவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் குறுக்கியது. ஹரியாணா சிவில் பணித் தேர்வு பற்றிய வழக்கு அது. பொதுப் பிரிவினருக்கு நேர்முக மதிப்பெண் 12.2 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது, தேர்வுக் குழு உறுப்பினர் ஒருவரின் உறவுக்காரர் வந்து உட்கார்ந்தால் அந்த உறுப்பினர் எழுந்துபோக வேண்டும் என்றது தீர்ப்பு.

மாவட்ட பி.பி. (கிரிமினல் வழக்குக்கான அரசு வக்கீல்), ஜி.பி. (சிவில் வழக்குக்கான அரசு வக்கீல்), ஐகோர்ட் அரசு வழக்கறிஞர் கதை வேறு. பரீட்சை கிடையாது, அரசே நியமிக்கிறது. ஆட்சி மாறினால் ஆட்களும் மாறுவதும், கட்சிக்கு உழைத்தவர் பெயர் பட்டியலில் முந்துவதும் ஊரறிந்த விஷயம். இங்கே ஆள் பலம் உதவாது என்று சொன்னால் டீக்கடைக்காரரே சிரிப்பார்.

ஆனால் கடிவாளம் இல்லாமலும் இல்லை. உத்தரப் பிரதேச அரசு 1990இல் மாவட்ட அரசு வழக்கறிஞர்களை ஒரே சுற்றறிக்கையில் மொத்தமாக நீக்கியது. உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. பஞ்சாப், ஹரியாணா நியமனங்கள் பற்றிய 2016 தீர்ப்பு, தேர்வுக் குழு வைத்துத் தகுதி பார்க்கச் சொன்னது.

சட்டத்திலேயே இன்னொரு கடிவாளமும் இருக்கிறது. குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 18ஆவது பிரிவுப்படி, மாவட்ட பி.பி. பதவிக்குக் குறைந்தது 7 ஆண்டு வக்கீல் தொழில் செய்திருக்க வேண்டும். பெயர்ப் பட்டியலைக் கலெக்டர் தனியாகத் தயாரிக்க முடியாது. செஷன்ஸ் நீதிபதியைக் கலந்துகொள்ள வேண்டும். அந்த நீதிபதி உன்னை எங்கே பார்த்திருப்பார்? கல்யாண வீட்டில் அல்ல, குறுக்கு விசாரணையில்.

தம்பி கிளாஸைக் கீழே வைத்தான். "அப்போ யாரைப் பிடிக்கணும்ணே?"

"நாளைக்கு உனக்குக் கேஸ் இருக்கா?"

"இருக்கு. வாய்தா வாங்கிடலாம்னு…"

"வாங்காதே."