லைப்ரரி கார்டு பர்ஸ்ல தூங்குதா?

சாயங்காலம் அஞ்சரை மணி. வண்டியூர் தெப்பக்குளச் சுவர்ல நீங்க நாலு பேர் வரிசையா உட்கார்ந்திருக்கீங்க. கையில பருத்திப்பால் டம்ளர். பேச்சு மட்டும் ப்ராஜெக்ட் பத்தி.

“கைடு சொன்ன கட்டுரையை ஓப்பன் பண்ணினா, முப்பது டாலர் கட்டுங்கறான்டா!”

அதாவது, ரெண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு மேல! மாச மெஸ் பில்லுக்கே வீட்டுல பாட்டு விழும்போது, இதை யார்கிட்ட கேட்கறது?

கொஞ்சம் பொறுங்க பாஸ். அந்தப் பணத்தை உங்களுக்காக ஏற்கெனவே கட்டியிருக்கலாம்!

‘ஒரே நாடு, ஒரே சந்தா’ங்கிற திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2024 நவம்பர் 25 அன்னிக்கு ஓகே சொல்லிச்சு. 2025 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்தது. 2025 முதல் 2027 வரை மூணு வருஷத்துக்கு 6,000 கோடி ரூபாய். 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 ஆய்விதழ்கள். மத்திய, மாநில அரசுகள் நடத்துற 6,300 கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களுக்காகப் போட்ட திட்டம் இது.

நீங்க அரசுக் கல்லூரியிலோ, அரசுப் பல்கலைக்கழகத்திலோ படிக்கிறீங்களா? நேரா லைப்ரரியனைப் பாருங்க. “இந்தத் திட்டத்துல நாம இருக்கோமா? லாகின் எப்படி வாங்கறது?”னு ரெண்டே கேள்வி கேளுங்க.

தனியார் கல்லூரியா? இந்தத் திட்டத்தின் முதல் கட்டத்துல நீங்க இல்லை. வருத்தம்தான். ஆனா, கதவு மொத்தமா சாத்தலை. இந்தியப் பல்கலைக்கழகங்களின் பிஹெச்.டி. ஆய்வேடுகள் லட்சக்கணக்குல ‘சோத்கங்கா’ தளத்துல இருக்கு. யார் வேணா படிக்கலாம், பைசா செலவில்லை. அதோட, புது நத்தம் ரோட்டுல கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கு. 2023 ஜூலை 15-ல் திறந்தது, 2.13 லட்சம் சதுர அடி. போட்டித் தேர்வுக்குன்னே தனிப் பிரிவு உண்டு.

ஆராய்ச்சி ஆசை இருக்கறவங்க ஊருக்கு அந்தக் கோடிக்கும் ஒரு நடை போங்க. பல்கலை நகர்ல, மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர் தெ.பொ.மீனாட்சிசுந்தரனார் பேர்லயே நூலகம் இருக்கு. வெளிக் கல்லூரி மாணவர்னா, உள்ளே போக என்ன கடிதம் வேணும்னு முதல்லயே விசாரிச்சுக்கங்க. வெறுங்கையோட பஸ் ஏறி ஏமாறாதீங்க.

“லைப்ரரியன் முறைப்பாரே...”னு தயக்கமா? சீர்காழிக்காரர் எஸ்.ஆர்.ரங்கநாதன் கதையைக் கேளுங்க. கணக்கு வாத்தியாரா இருந்தவர், 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரா ஆனார். ஆரம்பத்துல வேலை செம போர்! பழைய வேலைக்கே ஓடிடலாமானு பார்த்தாராம். அப்புறம் லண்டன் போய்ப் படிச்சுட்டு வந்தவர், 1931-ல் நூலகங்களுக்கு அஞ்சு விதிகள் எழுதினார். அதைத்தான் உலகமே பாடமா படிக்குது. வாசகரோட நேரத்தை மிச்சப்படுத்தணும்ங்கறது அதுல ஒண்ணு. ஆக, நீங்க கேட்கறது தொந்தரவு இல்லை... உங்க உரிமை!

காலண்டர்ல குறிச்சுக்கங்க: ஆகஸ்ட் 12, ரங்கநாதன் நினைவா தேசிய நூலகர் தினம். நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூலக வாரம். உங்க லைப்ரரியில அப்போ கண்காட்சி, பேச்சுப் போட்டி எதுவும் உண்டானு நோட்டீஸ் போர்டைப் பாருங்க. இல்லைன்னா, நீங்களே ஒண்ணு நடத்தலாமேன்னு கேளுங்க.

மீனாட்சியும் சொக்கரும் தெப்பம் சுத்தறது தையில ஒரு நாள்தான். அதே கணக்குல நீங்களும் லைப்ரரிக்குப் போகாதீங்க, ப்ளீஸ்!